வரிக்கு வரி ஒரு சம்மதம்

டாஸ் இயங்குதளத்தில் நாள்தோறும் வேலை பார்த்தவர்களுக்கு, பாட்ச் கோப்பின் பெயரைத் தட்டிய மாத்திரத்தில் அதில் எழுதிவைத்த கட்டளைகளெல்லாம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் மூச்சுவிடாமல் ஓடி முடிந்துவிடும் என்பது தெரியும். எந்த வரியில் பிசகிற்று என்று கண்டுபிடிப்பதுதான் பெரும் பிரயாசை. 'எக்கோ ஆஃப்' என்பதை நீக்கி, சந்தேகம் எழுந்த இடங்களிலெல்லாம் 'பாஸ்' என்னும் நிறுத்தற் கட்டளையைச் செருகி, காரியம் முடிந்ததும் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிவோம்.

1993-இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் 6.0, இயந்திரம் துவங்கும் வேளையில் எஃப்8 விசையை அழுத்தினால், கான்ஃபிக்.சிஸ் கோப்பின் வரி ஒவ்வொன்றையும் காட்டி, நிறைவேற்றலாமா என்று வினவிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த 6.2, ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பையும் அவ்வாறே நடத்தியதோடு, 'கமாண்ட் /ஒய் /சி' என்று எழுதிப் பக்கத்தில் பெயரைச் சேர்த்தால் எந்தப் பாட்ச் கோப்பையும் வரிவரியாக நடத்திப் பார்க்கும் சௌகரியத்தையும் அளித்தது.

அதன் அருமையை நான் உணர்ந்தது ஒரு மாலையில். தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பதற்காக நான் எழுதிய பாட்ச் கோப்பில், 'செட் ஒர்க் =சி:\ஒர்க்' என்று, சமக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. டாஸ் அந்த இடைவெளியையும் பெயரின் அங்கமாகவே கொள்ளுமாதலால், 'ஒர்க்' என்னும் மாறி வெறுமையாகவே நின்றது. இதை அறியாமல் வரிவரியாக நடத்திவந்த எனக்கு, 'டெல் %ஒர்க்%\*.*' என்று நான் எழுதியிருந்த இடத்தில், மதிப்பு இட்டு நிரப்பிய பின் எஞ்சிய வடிவம் திரையில் தோன்றியது: 'டெல் \*.*'. அதாவது, வட்டின் மூல டைரக்டரியிலுள்ள கமாண்ட்.காம் முதலிய கோப்புகள் அனைத்தையும் அழிப்பதற்கான ஆக்ஞை! எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று டாஸ் தானாகவே ஒருமுறை கேட்கும் என்பது மெய்யே. ஆனால், துடைப்பு வேலையில் நித்தியமும் 'ஒய்' அழுத்திப் பழகிய விரலுக்கு அக்கேள்வி ஒரு சடங்கு. அன்று என் விரல் 'என்' விசையைத் தேடிச் சென்றது, வரியைக் கண்ணால் கண்டதனால்தான்.

விண்டோஸ் 95 இவ்வசதியைப் பேணிற்று. விண்டோஸ் என்டி வழிவந்த கட்டளைச் செயலியிலோ '/ஒய்' என்பதற்குப் பொருளே வேறு. கட்டளை நீட்டிப்புகளை அணைப்பதற்கான குறி அது. ஆகவே இன்றும் நான், அழிக்கும் வரிக்கு முன்னால் 'எக்கோ' என்று சேர்த்து, அது என்னவாக மாறி வருகிறதென்று ஒருமுறை பார்த்த பிறகே, அந்த வார்த்தையை எடுக்கிறேன்.