தரக் குறியீடு மட்டும் போதாது

கருவிகளுக்கான நுண் பால் பேரிங்குகளை வாங்குவோர் பெரும்பாலும் ஏபெக் 7, ஏபெக் 9 என்ற தரக் குறியீட்டையே முதலில் பார்க்கிறார்கள். அது போதாது என்பதே என் வாதம். அந்த எண் அளவுத் துல்லியத்தையும் சுழற்சித் துல்லியத்தையும் மட்டுமே குறிக்கிறது. மசகு, கூண்டு, குண்டுகளின் பொருள் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆயுளைப் பெரிதும் முடிவு செய்பவை இவைதான். பல் மருத்துவரின் அதிவேகக் கைக்கருவியில் 6.35 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பேரிங் நிமிடத்துக்கு 3 லட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது; பிறகு 134 டிகிரி செல்சியஸ் நீராவியில் கிருமிநீக்கம் செய்யப்படுகிறது. அந்த நீராவி மசகையும் கூண்டையும் சிதைக்கும். எஃகில் பாதி அடர்த்திகூட இல்லாத, துருப்பிடிக்காத சிலிக்கான் நைட்ரைடு குண்டுகள் அங்கே இடம்பிடித்தது இந்த வேகத்தாலும் நீராவியாலும்தான்.

பொது அளவுகோல் இல்லாமல் இரண்டு தயாரிப்புகளை எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; குறியீடு நுழைவுத் தகுதியாக இருக்கட்டும், தேர்வைப் பயன்படும் சூழலில் செய்யும் சோதனை முடிவு செய்யட்டும். அப்படிச் சோதித்தால் செலவு கூடும் என்பது அதைவிட வலுவான மறுப்பு. அதற்குக் கெப்ளர் விண்தொலைநோக்கியே பதில். 2009இல் ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கியின் திசையை நிலைநிறுத்தும் நான்கு சக்கரங்களில் ஒன்று 2012இலும் இன்னொன்று 2013இலும் செயலிழந்தன. பேரிங் உராய்வே காரணம் என்று சந்தேகிக்கப்படுகிறது. கோள்களைத் தேடிய அதன் தொடக்கத் திட்டமே அதோடு நின்றது. எனவே வேகம், வெப்பம், மசகு, சோதனை நேரம் ஆகியவை கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். சோதனைச் செலவைப் பேரிங்கின் விலையோடு ஒப்பிடக் கூடாது. பேரிங் பழுதானால் முடங்கும் வேலையின் மதிப்போடுதான் ஒப்பிட வேண்டும்.