கைநாட்டு வாங்கும் முன் ஒரு வரி

நிலவுரிமை என்றதும் பஞ்சமி நிலம் பற்றிப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் காலனியில் ஏற்கெனவே கையில் இருக்கும் இரண்டு சென்ட் வீடு முதுமையில் எப்படிப் பறிபோகிறது என்பதைப் பேசுவதே இல்லை.

எங்களிடம் வந்த ஒரு பாட்டி, களையெடுத்த கூலியில் கட்டிய வீட்டை மகனுக்குத் தானசெட்டில்மென்ட் செய்திருந்தார். பத்திரம் எழுதியவர் வழக்கம்போல 'அன்பின் பேரில்' என்று எழுதிக் கைநாட்டு வாங்கிவிட்டார். சாகும்வரை சோறு போட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. இரண்டே வருடத்தில் பாட்டி தெருத்திண்ணைக்கு வந்துவிட்டார். மகனை வில்லனாக்குவது சுலபம், அவரும் தினக்கூலிதான்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது 2022-இல் உச்ச நீதிமன்றம். 2025-இல் வந்த தீர்ப்பு முதியோர் பக்கம் சாய்ந்தது. தீர்ப்பை நம்பிக் காத்திருப்பதைவிட, பத்திரத்தில் அந்த வரியை எழுதிவிடலாம். எங்களைக் கேட்டால் உயிலே மேல். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். கண் மூடும்வரை வீடு அவர் பெயரிலேயே இருக்கும்.

ஏற்கெனவே எழுதிக்கொடுத்தவர்களுக்காகக் கோட்டாட்சியரிடம் மனு போடலாம். முதியவரால் முடியாவிட்டால், அவர் சம்மதத்தோடு வேறொருவரோ ஓர் அமைப்போ போடலாம். தோழர்களே, அந்த 'வேறொருவர்' நீங்களாக இருக்கலாம். பாட்டிக்கு மனு எழுதியது ஒரு கல்லூரி மாணவிதான்.