சிக்கன் 65க்கு 420 ரூபாய், பாட்டு மட்டும் ஓசியா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். குடிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நான் கேட்கப் போவது காசு கணக்கு. பி.காம் படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் வரவு செலவு பார்ப்பவனுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

பெங்களூரில் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களை எடுத்துக் கொள்ளுங்கள். சினிமா இசையமைப்பாளர் ஒருவர் மைதானத்தில் கச்சேரி வைத்தால் தலைக்கு மூவாயிரம், நாலாயிரம் கொடுத்துக் குடும்பத்தோடு போகிறோம். மேடை தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது. பாதி நேரம் பெரிய திரையைத்தான் பார்க்கிறோம். பார்க்கிங்கில் இருந்து வண்டியை வெளியே எடுக்க ஒரு மணி நேரம். ஆனாலும் மறுநாள் "சூப்பரா இருந்துது சார்" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி ஆகிறது. அதே நாம், இந்திரா நகரில் ஒரு பப் வாசலில் "இன்று மூன்று குழுக்கள், கட்டணம் ரூ.300" என்று எழுதி வைத்திருந்தால் என்ன கேட்கிறோம்? "யாருங்க பாடறது? பேரே கேள்விப்பட்டதில்லையே?"

அட சாமி, பேர் கேள்விப்படாதவர்களைக் கேட்பதற்குத்தானே அந்த இடம்! பேர் வந்த பிறகு அவர்கள் ஏன் அங்கே வந்து வாசிக்கப் போகிறார்கள்?

எங்கள் கிளையில் ஒரு புரொபேஷனரி ஆபீசர் இருக்கிறான். திருநெல்வேலிப் பையன். பகலில் நகைக்கடன், ராத்திரியில் பேஸ் கிடார். அவன் அப்பா ஒருநாள் எனக்கே போன் போட்டு, "நீங்க கொஞ்சம் சொல்லப்பிடாதா சார், குடிக்கிற எடத்துல போயி வாசிக்கானாம்லா" என்று வருத்தப்பட்டார். சொல்வதற்கு முன்னால் பார்த்துவிடுவோமே என்று போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் வீட்டம்மாவும் போனோம்.

முதலில் ஒரு பெண். கல்லூரி முடித்து ஒரு வருஷம் இருக்கலாம். ஒற்றை கிடாரோடு, தானே எழுதிய கன்னடப் பாட்டுகள். இரண்டாவது நம் பையனின் நாலு பேர் குழு. மூன்றாவது வயலின், டிரம்ஸ், கீபோர்டு என்று மூன்று பேர், சென்னையிலிருந்து ரயிலில் உட்கார்ந்தே வந்தவர்கள். அந்த வயலின்காரர் பிலஹரியை எடுத்து, டிரம்ஸோடு மல்லுக்கட்டி, கடைசியில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள் பாருங்கள்... வீட்டம்மா என் கையைப் பிடித்துக் கொண்டாள். மைதானக் கச்சேரி எதிலும் இப்படி நடந்ததில்லை. பத்தடி தூரத்தில் வில் நரம்பில் உரசுகிற சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் பக்கத்து மேசையில் ஆபீஸ் பார்ட்டி ஒன்று. யாருக்கோ பிறந்தநாள். முதலில் பாடிய பெண்ணின் பாட்டுக்கு நடுவில் கேக் வெட்டி, மேடையைப் பார்த்து "ப்ரோ, ஏதாவது குத்துப் பாட்டு போடுங்க ப்ரோ" என்று ஒரு கூச்சல். பெண்ணைப் பார்த்து ப்ரோ!

சரி, கணக்குக்கு வருவோம். தொழில் புத்தி, தலையை எண்ணினேன். சுமார் எண்பது பேர். வாசலில் வசூல் 24,000 ரூபாய். நல்ல தொகைதானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். அந்த 300 ரூபாய் "கவர் சார்ஜ்". கடைசி பில்லில் கழித்து விடுவார்கள். அதாவது 300 ரூபாயும் சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும்தான் போகிறது. எங்கள் மேசையில் சிக்கன் 65 420 ரூபாய், இரண்டு லைம் சோடா 360 ரூபாய். பில்லில் பாட்டுக்கு என்று ஒரு வரி கிடையாது. பேரேட்டில் இல்லாத செலவு செலவே இல்லை, இல்லையா?

பையன் குழுவுக்குக் கிடைத்தது 6,000 ரூபாய். டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஏற்றிப் போய் வர வண்டிக்கு 1,200. இந்த ஒரு நிகழ்ச்சிக்காக மூன்று நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம் ஒத்திகை அறை, மணிக்கு 400 வீதம் 2,400. மிச்சம் 2,400. நாலு பேருக்குத் தலைக்கு 600 ரூபாய். பேஸ் கிடாருக்கு நல்ல கம்பி ஒரு செட்கூட அதில் வாங்க முடியாது. முதலில் பாடிய பெண்ணுக்கு அதுவும் இல்லை. சாப்பாடு உண்டு, "எக்ஸ்போஷர்" உண்டு என்று சொன்னார்களாம். எங்கள் வங்கியில் எக்ஸ்போஷர் என்றால், வெளியே கொடுத்து விட்டு, திரும்பி வருமா என்று கவலைப்படுகிற பணம். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் :-)

முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போய்விடலாம். அவர் என்ன சொல்வார் தெரியுமா? "கழிக்க முடியாத டிக்கெட் வைத்தால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிப் போய்விடுகிறார்கள் சார்" என்பார். அது பொய் இல்லை. வாசலில் நின்று "இது ரிடீமபிளா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் நாம்தான்.

இது போதாது என்று சட்டம் வேறு. பெங்களூரில் ஒரு காலத்தில் "லைவ் பேண்ட்" என்று பேப்பரில் வந்தால் அது பெண்களை ஆட வைக்கிற பார் என்று அர்த்தம். அதைக் கட்டுப்படுத்தத்தான் 2005ல் போலீஸ் கமிஷனர் ஓர் உரிம உத்தரவு போட்டார். டான்ஸ் பார், காபரே, டிஸ்கோ, லைவ் பேண்ட் எல்லாம் ஒரே மூட்டை. வழக்கு நடந்து, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்றது. அந்த வருஷ மத்தியில் போலீஸ் கிளம்பியது. கட்டட நிறைவுச் சான்று எங்கே, தீயணைப்புச் சான்று எங்கே, உரிமம் எங்கே என்று கேட்டதில், கிடாரோடு பாடிக் கொண்டிருந்த ஆட்களும் மூட்டை கட்டினார்கள். ஹம்மிங் ட்ரீ 2019ல் மூடியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேடைகள் திரும்பின. ஆனால் மூட்டை இன்னும் பிரிக்கப்படவில்லை.

இந்திரா நகரில் குடியிருப்பவர்கள் தூங்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் தூங்க வேண்டும். அதற்குத்தான் 2000ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அளந்து பாருங்கள், மீறினால் அபராதம் போடுங்கள். ஆனால் சத்தத்துக்கு ஒரு சட்டம், ஒழுக்கத்துக்கு ஒரு சட்டம் என்று பிரித்து வையுங்கள். வயலின் வாசிப்பவரை எதற்கு காபரே பட்டியலில் சேர்க்கிறீர்கள்?

"எல்லாம் சரி, குடிக்கிற இடம்தானே?" இதுதான் அந்தத் திருநெல்வேலி அப்பாவின் கேள்வி, நம்மில் பலரின் கேள்வியும். நான் திருப்பிக் கேட்கிறேன். சொந்தமாக மெட்டுப் போட்ட இருபத்து நாலு வயதுப் பையனுக்கு வேறெந்தக் கதவு திறந்திருக்கிறது? சபா கொடுக்குமா? கல்யாண மண்டபம் கொடுக்குமா? அங்கே சினிமாப் பாட்டு வேண்டும். உஷா உதுப், பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், போலீஸ் அதிகாரியின் மகள். 1969ல் சென்னை மவுண்ட் ரோடில் நைன் ஜெம்ஸ் என்ற இரவு விடுதியில் காஞ்சிபுரம் சேலையோடு பாட ஆரம்பித்து, பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ட்ரிங்காஸில் பாடினார். 2024ல் பத்ம பூஷண் கொடுத்தபோது எல்லோரும் கை தட்டினோம். இடம் அவரைக் கெடுத்ததா, அவர் இடத்துக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தாரா?

பப்பில்தான் பேசிக்கொண்டே கேட்கிறார்கள் என்றும் யாரும் சொல்ல வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்து வாசிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? "பந்தி ஆரம்பிச்சாச்சா?" கெட்டிமேளம் என்று யாராவது கத்தினால்தான் அந்தப் பக்கம் திரும்புகிறோம். மார்கழியில் மத்தியானக் கச்சேரி பாடும் சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் பாதி நாற்காலி காலி, கேண்டீனில் இடமில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிறவர்களுக்கும், டிரம்ஸ் தனியாக வரும்போது சிகரெட் பிடிக்க வெளியே போகிறவர்களுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? வேட்டியும் ஜீன்ஸும்தான்.

அதனால் நான் கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, கழிக்க முடியாத டிக்கெட் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். கவர் சார்ஜ் வாங்குகிற இடமென்றால், "இதில் வாசிக்கிறவங்களுக்கு எவ்வளவு?" என்று மேனேஜரைக் கேளுங்கள். வாடிக்கையாளர் நாலு பேர் கேட்டால் பில்லில் ஒரு வரி தானாக வரும். இரண்டு, பாட்டு நடக்கும்போது வாயை மூடுங்கள், குத்துப் பாட்டு கேட்காதீர்கள். மூன்று, உங்கள் பிள்ளை வாசிக்கிறான் என்றால் ஒரு தடவையாவது போய் முன் மேசையில் உட்காருங்கள். மோர் கிடைக்காது, லைம் சோடா கிடைக்கும்.

அந்த அப்பாவுக்கு நான் போன் செய்தேன். "பையன் குடிக்கவில்லை சார், வாசிக்கிறான். 600 ரூபாய்க்கு வாசிக்கிறான். வருத்தப்படுவதென்றால் அதற்கு வருத்தப்படுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அவ்வளவுதான் குடுக்காங்களா?" என்றார், குரலில் கோபத்தோடு.

அந்தக் கோபம் நம் எல்லோருக்கும் வரவேண்டும்.