பெட்ரோலில் மிச்சம், பசையில் நஷ்டம்: கராஜில் கட்டிய விமானம் சொல்லும் கணக்கு

ஒரு சொத்தின் உண்மையான விலை என்னன்னு நம்ம சேனலில் அடிக்கடி பேசுறோம். இன்னைக்கு அதுக்கு ஒரு வித்தியாசமான உதாரணம்: அமெரிக்காவில் தனிநபர்கள் வீட்டு கராஜிலேயே கட்டும் குட்டி விமானங்கள்.

1970-களில் பர்ட் ருட்டான் வடிவமைத்த வேரிஈஸி, லாங்-ஈஸி வந்த பிறகு, ஃபோம் மேல் கண்ணாடி இழைத் துணி போட்டு எபாக்ஸி பூசிக் கட்டும் முறை அங்கே பிரபலமாச்சு. இப்படிப்பட்ட பல விமானங்களில் டேங்க்னு தனியா ஒரு பொருள் கிடையாது. இறக்கையை ஒட்டியுள்ள உள்வெளியே டேங்க். பெட்ரோலைத் தாங்குவது ரிசினும் பசையும்தான்.

மிச்சம் எங்கே வருது?

விமான பெட்ரோல் விலை அதிகம். அதனால சிலர் கார் பெட்ரோல் ஊத்துறாங்க. அங்கே கார் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கும். எத்தனால் எல்லாப் பசையையும் கெடுக்காது. ஆனா சில வகை எபாக்ஸியையும் டேங்க் சீலன்ட்டையும் மெதுவா இளக்கிடும். இளகினது உரிஞ்சு வந்து ஃபில்டரை அடைக்கும். அடைச்சா என்ஜின் நின்னுடும்.

"ரோட்டாக்ஸ் 912 என்ஜின் 10 சதவீத எத்தனாலை ஏத்துக்குமே?"ன்னு கேட்கலாம். உண்மைதான். ஆனா அந்தக் கம்பெனி உத்தரவாதம் கொடுப்பது என்ஜினுக்கு. உங்க டேங்க்குக்கு இல்லை.

கணக்குப் போடுவோம்

ஒரு கேலனுக்கு 2 டாலர் மிச்சம், மணிக்கு 5 கேலன், வருஷத்துக்கு 60 மணி நேரம்னு வச்சுக்குங்க. வருஷம் 600 டாலர், 5 வருஷத்தில் 3,000 டாலர். அப்புறம் டேங்க்கைத் திறக்கணும்: வெட்டி, சுரண்டி, மறுபடி பூசி, மூட 120 மணி நேரம், உங்க ஒரு மணி நேரத்தின் மதிப்பு 25 டாலர்னு எடுத்துக்கிட்டா அதுவே 3,000. பொருள், பெயின்ட் செலவு தனி.

கம்பெனிக் கணக்கில் ஒரு சொத்தின் முக்கியமான பாகங்களுக்கு வேற வேற ஆயுள் இருந்தா, தனித்தனியா தேய்மானம் போடுவோம். ஏன்னா அந்தப் பாகத்தை மட்டும் மாத்திக்கலாம். இங்கே பசையைக் கழட்டி மாத்த முடியாது. அது இறக்கையோட ஒட்டின விஷயம். பசையின் ஆயுள் முடிஞ்சா, விமானத்தையே வெட்டணும்.

பழைய விமானம் வாங்குறவங்களுக்கு

2024-இல் சிர்ரஸ் நிறுவனம், ஈயம் இல்லாத ஜி100யூஎல் எரிபொருளைத் தன் விமானங்களுக்கு அங்கீகரிக்கலைன்னு உரிமையாளர்களுக்குச் சொன்னது. டேங்க் சீலன்ட் பற்றிய கவலையும் ஒரு காரணம். ஃபேக்டரி விமானம்னா எச்சரிக்க ஒரு கம்பெனி இருக்கு. கராஜில் கட்டினதுக்கு, கட்டினவர்தான் உற்பத்தியாளர். அவர் விமானத்தை வித்துட்டுப் போயிட்டா?

அதனால விலை பேசும் முன்னாடி:

1. கட்டினவரின் குறிப்பேட்டைக் கேளுங்க. எந்த ரிசின், எந்த சீலன்ட்னு எழுதியிருக்கணும்.
2. இதுவரை என்ன பெட்ரோல் ஊத்தினாங்கன்னு கேளுங்க. ஃபில்டரைத் திறந்து பிசுபிசுப்போ துகளோ இருக்கான்னு பாருங்க.
3. கார் பெட்ரோல் ஊத்தும் முன்னாடி, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணி, அதுமேல பெட்ரோல் விட்டுக் குலுக்குங்க. தண்ணி மட்டம் ஏறினா எத்தனால் இருக்கு.

என் கருத்து

பழுது செலவுக்கு ப்ரொவிஷன் போடலாம். மிச்சமாகும் பணத்தைத் தனி அக்கவுண்ட்டில் வச்சுக்கலாம். ஆனா வானத்தில் என்ஜின் நிற்பதற்கு எந்த ப்ரொவிஷனும் இல்லை. குறிப்பேடு இல்லாத விமானத்துக்கு எத்தனால் பெட்ரோல் ஊத்துறது சிக்கனம் இல்லைங்க, கடன். எப்போ திருப்பிக் கேட்கும்னு தெரியாத கடன்.

நம்ம ஊர் பங்க்கில் இப்போ இ20 பெட்ரோல் வருது. நம்ம பைக் டேங்க் பெரும்பாலும் இரும்புதான், ஆனா பழைய வண்டியில் ரப்பர் ஹோஸும் கேஸ்கெட்டும் இருக்கு. வண்டியோட புத்தகத்தில் எவ்வளவு எத்தனால் வரைக்கும் சரின்னு போட்டிருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. என்ன போட்டிருந்ததுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.