அந்தமான் சிறை எல்லோருக்கும் சொந்தம்



அண்மையில் குடும்பத்துடன் அந்தமான் செல்லுலார் சிறையைப் பார்த்தேன். 1906-இல் கட்டி முடிக்கப்பட்டபோது ஏழு கிளைக் கட்டடங்கள். இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே. கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி, ஒவ்வொரு வரிசை அறைகளும் அடுத்த கட்டடத்தின் முதுகையே நோக்கியிருக்கின்றன. கதவின் தாழ்ப்பாளோ சற்றுத் தள்ளிச் சுவருக்குள் பதிந்திருக்கிறது. கம்பி வழியே கை நீட்டிய என் மகள், "எட்டவே இல்லப்பா" என்றாள்.

வங்காளிகளும் பஞ்சாபியரும் மராட்டியரும் இங்கே செக்கிழுத்திருக்கிறார்கள். சிறையில் செக்கிழுத்த விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சி. பிறந்த மண்ணைச் சேர்ந்த எனக்கு அவர்கள் அனைவரும் உறவினராகவே தோன்றினர். 1979 முதல் தேசிய நினைவகமாகக் காக்கப்படும் இச்சிறையை, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்துச் செல்லத் தமிழக அரசு முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி