மருந்து கட்டியைச் சென்றடைகிறதா?

கணையப் புற்றுநோய் என்றதும் புதிய மருந்துகளைப் பற்றியே பேசுகிறோம். அந்த மருந்து கட்டிக்குள் போய்ச் சேருமா என்று அவ்வளவாகக் கேட்பதில்லை. உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் எனக்கு அதுவே முதல் கேள்வியாகத் தோன்றுகிறது.

மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் செல்கிறது. ஆனால், கணையத்தில் பெரும்பாலும் காணப்படும் புற்றுநோயில் நார்த்திசு அடர்ந்து வளர்கிறது. ரத்த நாளங்கள் குறைவு. இருப்பவற்றிலும் பல அழுத்தத்தால் நசுங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் கணையப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினரே ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது அதற்கு முக்கியக் காரணம். மருந்து உள்ளே நுழையத் தடுமாறுவதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நாளங்களின் அடர்த்தியை அறிய, திசுவை எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் எண்ணுவது வழக்கம். ஊசியில் வரும் துணுக்கு கட்டியின் ஒரு மூலையை மட்டுமே காட்டும். அடிக்கடி எடுக்கவும் முடியாது.

1980களில் பிரெஞ்சு ஆய்வாளர் டெனி லெ பியான் முன்வைத்த எம்ஆர்ஐ முறை இங்கு கைகொடுக்கக்கூடும். திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகள் மெதுவாக நகரும்; நுண்நாளங்களில் ஓடும் ரத்தத்தில் உள்ளவை விரைவாக நகரும். காந்தப்புலச் சாய்வின் வலிமையைப் படிப்படியாக மாற்றிப் படமெடுத்தால், ஓடும் ரத்தத்தின் பங்கைப் பிரித்துக் கணக்கிடலாம். படம் தெளிவாகத் தெரிய ஊசிவழி மருந்து செலுத்தவும் தேவையில்லை.

இந்த அளவு, நாளங்களின் எண்ணிக்கை அன்று. நசுங்கிய நாளம் நுண்ணோக்கியில் தெரியும். ரத்தம் ஓடாததால் இந்தக் கணக்கில் வராது. இது குறையாகத் தோன்றலாம். ஆனால், மருந்தைக் கொண்டு சேர்ப்பது ஓட்டம்தானே!

2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் கட்டியில் நார்த்திசுவைக் குறைத்தபோது கெம்சிடபின் மருந்து கூடுதலாக உள்ளே சென்றது. அந்த நம்பிக்கையில் நோயாளிகளிடம் நடத்தப்பட்ட சோதனை 2012ல் நிறுத்தப்பட்டது. புதிய மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. எலியிடம் நடந்தது மனிதரிடமும் நடக்கிறதா என்பதைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே பார்க்க வழி வேண்டும் என்பதே எனக்கு அதில் கிடைத்த பாடம்.

தடைகளும் உண்டு. மூச்சுவிடும்போது கணையம் நகர்கிறது. படமெடுக்கும் முறையும் கணக்கிடும் முறையும் மாறினால் அளவும் மாறுகிறது. ஒரு மருத்துவமனையில் கிடைத்த எண்ணை இன்னொன்றில் அப்படியே நம்ப முடியாது.

எனவே, மேலும் நுட்பமான கருவியைவிடப் பொதுவான அளவுமுறையே இப்போதைய தேவை என்பேன். செய்தியில் வராத வேலைதான். ஆனாலும், பலன் தராத சிகிச்சையில் ஒரு நோயாளி இழக்கக்கூடிய மாதங்களை அது காப்பாற்றலாம்.