சிறுத்தையும் கொழுந்துக் கூடையும்

ஆபிரிக்கக் காடுகளில் விலங்குகளை ஆராய்ந்தோரின் கதையென்றால் நம் மாணவர் ஆவலோடு கேட்பர். 1960 இல் ஜேன் குடால் என்னும் இளநங்கை, இன்றைய தன்சானியாவின் கொம்பே காட்டிற் புகுந்து, சிம்பன்சிகள் கருவி செய்வதைக் கண்டறிந்த வரலாறு வியக்கத்தக்கதே. ஆயினும் அத்தகைய ஆராய்ச்சி நம் தேயிலை மலைகளிலும் நடைபெறுவதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

இலங்கைச் சிறுத்தை இத்தீவுக்கே உரிய துணையினம். புலியும் சிங்கமும் இல்லாத இந்நாட்டில் வேட்டை விலங்குகளின் தலைமை அதனிடமே உள்ளது. யாலவில் அதனை ஆராய்ந்த அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோர் 2004 இல் வனவிலங்குப் பாதுகாப்பு நிதியமொன்றை நிறுவி, மத்திய மலைநாட்டிலும் ஆய்வை விரித்தனர். காட்டுத் துண்டுகளில் தானியங்கிக் கமராக்களைப் பொருத்துகின்றனர். நம் கைரேகைபோல ஒவ்வொரு சிறுத்தைக்கும் புள்ளியமைப்பு வேறாதலால், படத்தைக் கொண்டே இன்ன சிறுத்தையென இனங்காணலாம். காடென்றும் தோட்டமென்றும் நாம் கீறிய எல்லையை அது மதிப்பதில்லை.

2020 மே மாதம் நல்லதண்ணியை அடுத்த லக்சபான தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கிற் சிக்கி, மீட்கப்பட்ட பின்னரும் மாண்டது. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படுபவை. கம்பிக்கு ஆள் தெரியாது. வைத்தவன் கொடியவன் எனக் கூறி முடித்துவிடுதல் எளிது. லயத்தருகே உள்ள மரக்கறிப் பாத்தியைப் பன்றி ஓரிரவிற் கிளறிவிட்டால் அவனுக்கு ஈடுசெய்வார் யார்? கவ்வாத்தின்றிக் காடாகிப்போன மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்ணின் அச்சத்தை ஆற்றுவார் யார்?

தோட்டத்தாருக்கு ஆராய்ச்சியாளர் புத்தி புகட்ட வேண்டியதில்லை என்பாருமுளர். அதில் உண்மையுண்டு. எந்த ஓடையருகே அடிச்சுவடு காணும், எந்த இரவில் நாய் குரைத்து ஓயும் என்பதைத் தொழிலாளியே முதலில் அறிவான். ஆனால் அவ்வறிவு எழுத்தில் ஏறவேண்டும். ஆய்வாளர் கண்டறிந்தவை நல்ல தமிழில் தோட்டப் பாடசாலைக்கு இறங்கிவரவேண்டும். ஆசிரியப் பெருமக்கள் இவ்விரண்டுக்கும் பாலமாகலாம். சுவடு அளத்தலும் நாட்குறிப்பு எழுதுதலும் மாணவர்க்குப் பெருஞ்செலவின்றிக் கிட்டும் விஞ்ஞானப் பயிற்சியன்றோ?

அத்துடன் நிர்வாகம் காடேறிய மலைகளைத் துப்புரவாக்கட்டும். அரசு பயிரிழந்தவனுக்கு ஈடு வழங்கட்டும். சிறுத்தையைக் காப்பாற்று என்று தொழிலாளியிடம் கேட்கும் உரிமை, தொழிலாளியைக் காப்பாற்ற முன்வருவோர்க்கே உண்டு என்பது என் துணிபு.